நிறம் குடித்த தண்டு

அத்தியாயம் 4

கோபம் வந்தால் மர்லியாவின் குரல் இறங்கிவிடும். கூட இருப்பவர்கள் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை, கரவனெல்லச் சந்தியில், நாகலிங்கத்தின் த்ரீவீலருக்குள் இருந்தபடி அவள் கேட்ட கேள்வி, கூரையில் விழுந்த மழைச் சத்தத்தில் அவருக்கு எட்டவே இல்லை.

“என்ன மிஸ்?”

“ஜெயம்மா எப்பிடிச் சாப்பிடுறா எண்டு சொன்னீங்க?”

“கரண்டியால. கரண்டி மக கையில. ரொம்ப நாளா அப்படித்தானாம். காலையில பீலியில தண்ணி பிடிக்க வந்த பொம்பளைங்க பேசிக்கிட்டாங்க.” நாகலிங்கம் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். “நீங்க எழுதின ரிப்போட்டுப்படி, அந்தக் கைதான் கோழித்தோலை ஒவ்வொண்ணா சாயத்துல முக்கி எடுத்துச்சு. கெட்டிக்காரக் கை.”

பன்னிரண்டு வருஷம் ஒரு காப்புறுதிக் கம்பனியில் மோசடிகளை விசாரித்தவள் மர்லியா. இப்போது கேகாலையில் ஒரு ஃபார்மஸிக்கு மேல்மாடியில் சொந்தமாக அறை எடுத்து, எரிந்துபோன கடை, காணாமல்போன லொறி, கள்ளக் கையெழுத்து என்று எது வந்தாலும் விசாரித்துக் கொடுக்கிறாள். நாகலிங்கம் அவளுக்கு வண்டி ஓட்டுகிறார். சம்பளம் வண்டிக்கு, வாய் இலவசம் என்று அவரே சொல்வார்.

இந்தத் தடவை வந்த விவகாரம் இறகு. ரப்பர்த் தோட்டத்துப் பழைய ஸ்டோர் கட்டடத்தில் ஒரு தொழிற்சாலை நடக்கிறது. தூண்டில் கொக்கியில் இறகைச் சுற்றி, ஈ மாதிரியும் தும்பி மாதிரியும் கட்டி, மீன் பிடிக்கிற வெள்ளைக்காரர்களுக்கு அனுப்புகிற இடம். தோட்டத்துச் சனத்துக்கு அது ‘பூச்சி பெக்டரி’. அறுபது பெண்கள் வேலை செய்கிறார்கள்.

சாம்பலும் நீலமும் கலந்த ஒரு நிறம் உண்டு. பிறவியிலேயே அந்த நிறத்தில் வளரும் சேவல்கள் அபூர்வம். அப்படிப்பட்ட நாற்பது சேவல்களின் கழுத்துத் தோலை, இறகோடு உரித்துப் பதப்படுத்தி, வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் அனுப்பியிருந்தார். அதில் கட்டியதாகச் சொல்லி அனுப்பிய பூச்சிகள் அப்படியே திரும்பி வந்தன. தண்ணீரில் போட்டதும் சாயம் கழன்றதாம். அலுமாரியைத் திறந்து பார்த்தால் நாற்பது தோலில் ஒன்பதுதான் இருந்தது. இறகு அறைச் சாவி பதினொரு வருஷமாக ஜெயம்மாவின் பொறுப்பில். வெளியாள் ஒருவர் விசாரித்து எழுதித் தர வேண்டும் என்று வாடிக்கையாளர் பிடிவாதம் பிடித்ததால் முதலாளி மர்லியாவைக் கூப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவள், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த ஜெயம்மாவின் வீட்டுக்குப் போனாள். அடுப்புக்குப் பின்னால், சாம்பல் நீலம் படிந்த ஓர் அலுமினியச் சட்டி. இது என்ன என்று கேட்டதற்கு ஜெயம்மா வாய் திறக்கவில்லை. இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள். அந்த மௌனமே போதும் என்று மர்லியா நினைத்துவிட்டாள். நல்ல இறகைத் திருடிவிட்டு, சாதாரண வெள்ளை இறகுக்குச் சாயம் போட்டு வைத்தவள் ஜெயம்மா என்று முதல் அறிக்கை அன்றைக்கே போனது. திங்கட்கிழமை முதலாளி அதைக் கொண்டுபோய்ப் பொலிஸில் கொடுத்தார். இன்றைக்கு இரண்டு மணிக்கு ஜெயம்மா ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். போனால் திரும்ப விடமாட்டார்கள் என்பது லயத்துக்கே தெரியும்.

“லயத்துக்கு விடுங்க,” என்றாள் மர்லியா.

“இந்தத் தடவை நானும் உள்ள வாறேன் மிஸ். போன தடவை ரெண்டு கண்ணு பத்தலையே.”

வேறொரு நாள் என்றால் அவள் திட்டியிருப்பாள். இன்றைக்குத் திட்டுவதற்கு ஆள் அவளேதான்.

ஜெயம்மா வீட்டில் தனியாக இருந்தாள். மகள் ஷாமிளா வேலைக்குப் போயிருந்தாள். அவளும் பூச்சி பெக்டரியில்தான், பூச்சி கட்டுகிற பகுதியில். இன்றைக்கு லீவ் போடுகிறேன் என்றவளைத் தாய்தான் பிடித்துத் தள்ளி அனுப்பியிருந்தாள். மர்லியாவைக் கண்டதும் ஜெயம்மா எழுந்தாள். கைகள் முந்தானைக்குள் போயின.

“அக்கா, கையைக் காட்டுங்க,” என்றார் நாகலிங்கம்.

“பாக்க வேண்டியதை எல்லாம் அன்னைக்கே பாத்துட்டாங்களே.”

“பாக்கல்ல,” என்றாள் மர்லியா. “அதுக்குத்தான் வந்தேன்.”

பிறகு ஜெயம்மா கைகளை வெளியே எடுத்து, யாரோ ஒருவருடைய பொருளைக் காட்டுகிற மாதிரி நீட்டினாள். மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை துணிக்கட்டு. ஒரு கட்டை அவளே பல்லால் அவிழ்த்தாள். கட்டைவிரலிலும் அடுத்த இரண்டு விரல்களிலும் தோல் என்று ஒன்று இல்லை. வெந்த தக்காளியை உரித்த மாதிரி சிவந்து மினுங்கியது. ஒரு நகம் கருத்துக் கழன்று தொங்கியது.

நாகலிங்கம் ஒரு முக்காலியை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

நடந்ததை ஜெயம்மா சுருக்கமாகச் சொன்னாள். சில பூச்சிகளின் உடம்புக்கு இறகின் நடுத்தண்டு மட்டும்தான் வேண்டும். இரண்டு பக்கத்து மயிரையும் கையால் உரித்தால் தண்டு கிழிந்துவிடும். அதனால் ப்ளீச் திரவத்தில் முக்குவார்கள். மயிர் கரைந்து போகிற அந்தக் கணத்திலேயே எடுத்து அப்பச்சோடா தண்ணீரில் போட வேண்டும். கொஞ்சம் பிந்தினால் தண்டே கரைந்து கூழாகிவிடும். எடுக்க வேண்டிய நேரத்தை விரல்தான் சொல்லும். அதற்காக மெல்லிய ரப்பர் க்ளவுஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மார்ச் மாதம் அது முடிந்துபோனது. மனேஜர் மதுசனிடம் நாலு தடவை கேட்டாள். க்ளவுஸ் போட்டால் வேலை இழுபடுகிறது, வெறுங்கையால் செய்யுங்கள் என்றான். போன மாதம் விரல்கள் சீழ் பிடித்து, எட்டாம் திகதியிலிருந்து பதின்மூன்றாம் திகதி வரை ஆஸ்பத்திரி வார்டில் கிடந்தாள். தொழில் திணைக்களத்துக்குப் போகப்போகிறேன் என்று அவள் ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னது உண்மை. அதற்குப் பிறகுதான் திருட்டுக் கதை கிளம்பியது.

மர்லியா தன் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தாள். சாயம் கழன்ற பூச்சிகளைக் கட்டத் தொடங்கியது போன மாதம் பதின்மூன்றாம் திகதி. சாயம் போட்டது அதற்கு முந்திய நாட்களில். புத்தகத்தை மூடினாள்.

“சாயம் போட்டது யாரு?”

“நான்தான்,” என்றாள் ஜெயம்மா. கண் இமைக்கவில்லை.

“இந்தக் கையோட. சுடுதண்ணியில.”

“ஆமா.”

மர்லியா வாதாடவில்லை. ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். பையிலிருந்து திரும்பி வந்த பூச்சிகளில் ஒன்றை எடுத்து அதில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் பூச்சியிலிருந்து நீல நூல் ஒன்று இறங்கி, தண்ணீருக்குள் விரிந்து கலங்கியது.

“பாவம், பூச்சிக்கு அவசரம்,” என்றார் நாகலிங்கம்.

ஜெயம்மா தம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் அதுவரை இல்லாத ஒன்று வந்தது. பயமில்லை, சுத்தமான எரிச்சல்.

“எண்ணெய் எடுக்காமப் போட்டுருக்கு,” என்றாள். “சேவல் இறகுல எண்ணெய் இருக்கும் மிஸ். சோப்புத் தண்ணியில மூணு தடவை அலசணும். தண்ணி உருண்டு ஓடாம இறகுக்குள்ள இறங்கணும். அதுக்கப்புறம்தான் சாயம். கொதிக்கவே கூடாது, கொதிச்சா நுனி சுருண்டுரும். கடைசியில வினாகிரி ஊத்தினாத்தான் பிடிக்கும். இதுல ஒண்ணுமே செய்யல. தண்டைப் பாருங்க, கருநீலமாக் குடிச்சிருக்கு. இந்த நிறம் பொறந்ததுலேயே வந்ததுன்னா தண்டு வெளுத்திருக்கும், இறகோட அடிப்பக்கமும் மங்கலா இருக்கும். இது ரெண்டு பக்கமும் ஒண்ணு போல இருக்கு. கண்ணு தெரியாத யாரோ செஞ்ச வேலை.”

“அப்ப நீங்கதான் கண்ணு தெரியாமச் செஞ்சீங்க,” என்றாள் மர்லியா.

ஜெயம்மாவுக்கு அப்போதுதான் தான் பேசியது உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். நாகலிங்கம் முகட்டுத் தகரத்தை ஆராய்ந்தார்.

மர்லியா அவளை விடவில்லை. புதிதாகத் தோல் வந்தால் முதல் வேலை என்ன என்று சாதாரணமாகக் கேட்டாள். பதினொரு வருஷப் பழக்கம் ஜெயம்மாவின் வாயை முந்திக்கொண்டது. பத்து நாள் ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும், வெளியே எடுத்து இரண்டு நாள் ஆறவிட்டுத் திரும்பப் பத்து நாள் வைக்க வேண்டும், தோலில் அந்துப்பூச்சியின் முட்டை இருந்தால் அப்போதுதான் சாகும் என்றாள்.

“இந்த நாப்பது தோலையும் வச்சீங்களா?”

வாசலில் மழையைப் பார்த்தபடி ஜெயம்மா சொன்னாள்: “நான்தான் செஞ்சேன்னு நீங்களே எழுதிட்டீங்க. அது அப்படியே இருக்கட்டும் மிஸ். ரெண்டு மணிக்கு நான் போயிக்கிறேன்.”

வண்டியில் ஏறியதும் மர்லியா குறிப்புப் புத்தகத்தைத் திரும்பவும் புரட்டினாள். பிறகு, ஜெயம்மா யாருக்கோ மறைப்பாக நிற்கிறாள் என்றாள். அது யாராக இருக்கும் என்று நாகலிங்கம் சொல்லத் தொடங்கியபோது கையைக் காட்டி நிறுத்தினாள். அந்தப் பெயரைக் கேட்க அவளுக்கு இப்போது விருப்பமில்லை. முதலில் ஐஸ் பெட்டி.

பூச்சி பெக்டரியின் பெரிய மண்டபத்தில் அறுபது பெண்களும் குனிந்திருந்தார்கள். ஆளுக்கொரு சின்னப் பிடிகருவி, அதில் நகத்தளவு கொக்கி. நூல் சுற்றும் சத்தம் தூறல் மாதிரி கேட்டது. மதுசன் வாசலுக்கே வந்து வரவேற்றான். முப்பத்து மூன்று வயது. கழுத்தில் அடையாள அட்டை, பளபளக்கும் சப்பாத்து. இதே தோட்டத்து லயத்தில் பிறந்தவன். கேகாலையில் படித்து, மனேஜர் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் என்று லயமே ஒரு காலத்தில் பெருமைப்பட்டது. இறுதி அறிக்கைக்குச் சில விவரம் வேண்டும் என்று மர்லியா சொன்னதும் சிரித்த முகத்தோடு இறகு அறையைத் திறந்துவிட்டான்.

அறைக்குள் ஒரு நீள மேசை, வாளிகள், இரும்பு அலுமாரி. ஒரு மூலையில் சுவரில் சிங்களத்திலும் தமிழிலும் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது: ‘மூடியைத் திறந்து வைக்க வேண்டாம்.’ அதற்குக் கீழே வெறும் தரை. தரையில் நான்கு துருக்கறை, சுவரில் ஒரு ப்ளக் பொயின்ட்.

“எந்த மூடி?” என்று மர்லியா கேட்டாள்.

“அலுமாரி மிஸ்.”

“அலுமாரிக்குக் கதவுதானே இரிக்கு.”

பழைய அறிவித்தல், கிழிக்க மறந்துபோனது என்றான் மதுசன். நாகலிங்கம் தலையைச் சொறிந்தார்.

“தம்பி, டவுன்ல உங்க மச்சானோட கூல் ஸ்பொட்ல ஒரு ஐஸ் பொட்டி இருக்கு. மூடியில இந்தப் பெக்டரி ஸ்டிக்கர். நான் ஐஸ்கிரீம் தின்னுக்கிட்டே யோசிச்சேன், இங்க பூச்சியில ஐஸ்கிரீமும் செய்றீங்களோன்னு.”

மதுசனின் சிரிப்பு போகவில்லை, கொஞ்சம் இறுகியது. சித்திரை வருஷப்பிறப்பு வியாபாரத்துக்கு இரவல் கொடுத்ததாகச் சொல்லி, அதற்கும் திருட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டான். வருஷம் பிறந்து மூன்று மாதமாகிவிட்டதை யாரும் அவனுக்கு ஞாபகப்படுத்தவில்லை.

மர்லியா அலுமாரியைத் திறந்தாள். அந்துருண்டை நாற்றம் முகத்தில் அடித்தது. எல்லாம் புது உருண்டைகள். கரையத் தொடங்கவே இல்லை. மேல்தட்டில் ஒன்பது தோல்கள் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தன. ஒவ்வொன்றிலும் இலக்கம் குத்திய ஒரு தகரத்துண்டு. அது எதற்கு என்று கேட்டதற்கு மதுசன் உற்சாகமாக விளக்கினான்: வளர்த்த பண்ணையின் முத்திரை அது, அது இல்லாவிட்டால் பிறவி நிறம் என்று உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். மர்லியா தலையாட்டியபடி குனிந்து, அடித்தட்டின் மூலையில் விரலை விட்டுத் தடவினாள். கரகரவென்று மணல் மாதிரி ஏதோ ஒட்டியது. அதோடு பட்டுநூலால் பின்னிய குட்டிக் குழல்கள், அரிசி நீளத்துக்கு, உள்ளே வெறுமை. கையை மூடிக்கொண்டாள்.

நிமிர்ந்து நாகலிங்கத்தை ஒரு பார்வை பார்த்தாள். அவருக்கு உடனே கக்கூசுக்குப் போக வேண்டியிருந்தது.

இருபது நிமிடம் கழித்து, முழங்கால் வரை சாம்பலோடு வந்தார். கட்டடத்துக்குப் பின்னால் குப்பை எரிக்கிற குழி இருந்தது. கைலேஞ்சை விரித்துக் காட்டினார். கருகிய தகரத்துண்டுகள்.

“முப்பத்தொண்ணு மிஸ். நான் கணக்குல வீக்கு, அதனால ரெண்டு தடவை எண்ணினேன்.”

முதலாளி அன்றைக்குக் கொழும்பிலிருந்து வந்திருந்தார். நரைத்த, களைத்த மனிதர். தமிழ் தெரியாது. அவருடைய அறை மண்டபத்தின் ஒரு மூலையைப் பலகையால் தடுத்துச் செய்தது. பலகை ஆளுயரம்தான், மேலே திறந்த வெளி. மர்லியா சிங்களத்தில் சொன்னாள். ஒரு வெள்ளைத் தாளில் மணலையும் குழல்களையும் கொட்டினாள். பக்கத்தில் தகரங்களை வைத்தாள்.

திருடுகிறவன் விற்பதற்குத்தான் திருடுகிறான். தகரம் இல்லாமல் இந்தத் தோலை வாங்க ஆளில்லை. அப்படியிருக்க முப்பத்தொரு தகரமும் இங்கே எரிந்து கிடந்தால் என்ன அர்த்தம் என்று கேட்டாள். ஒரு தோலும் இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகவில்லை. ஐஸ் பெட்டியை மதுசன் மச்சானுக்குக் கொடுத்துவிட்டான். தோல்கள் வந்தபோது வைக்க இடமில்லை. மழைக்காலத்து ஈரத்தில் அந்துப்பூச்சி பொரித்து, முப்பத்தொன்றைத் தின்று தீர்த்தது. இந்த மணல் அதன் புழுவின் எச்சம், குழல்கள் அது விட்டுப்போன கூடு. மிச்சத்தை எரித்துவிட்டு, வெள்ளைத் தோலுக்குச் சாயம் போட்டுக் கணக்கை நேராக்கினார்கள்.

“பூச்சி பெக்டரியில பூச்சியே திருடன்,” என்றார் நாகலிங்கம் தமிழில், தனக்குத்தானே.

மதுசன் பதறவில்லை. அழகான சிங்களத்தில் ஒப்புக்கொள்வதுபோலவே பேசினான். அந்து தின்றிருக்கலாம். அறைக்குப் பொறுப்பு ஜெயம்மா. தன் கவனக்குறைவை மறைக்க அவளே எரித்து, அவளே சாயம் போட்டிருக்கிறாள். சட்டியைக் கண்டுபிடித்ததே இந்த மிஸ்தான். முதலாளி மர்லியாவைப் பார்த்தார். அவள் ஆஸ்பத்திரித் திகதிகளைச் சொன்னாள், கைகளைச் சொன்னாள். அந்தக் கையால் ஒரு தோலைக்கூடத் தண்ணீரில் முக்க முடியாது என்றாள்.

மதுசன் அவள் பக்கம் திரும்பி, முதல் தடவையாகத் தமிழுக்கு மாறினான். முகத்தில் மரியாதை அப்படியே இருந்தது. முதலாளிக்கு அது ஏதோ தொழில் விஷயம் பேசுவது போலத்தான் தெரிந்திருக்கும்.

“அவங்க கை இல்லைன்னா யாரு கைன்னு பொலிஸ் தேடும் மிஸ். அந்த வீட்டுல இன்னும் ரெண்டு கை இருக்கு. இருபத்திரண்டு வயசுக் கை. அம்மா போறாங்களா, மக போறாளான்னு நான் ஜெயம்மாகிட்ட கேட்டுட்டேன். அவங்க பதிலும் சொல்லிட்டாங்க. நீங்க ஏன் நடுவுல வாறீங்க?”

மர்லியாவுக்கு இப்போதுதான் விளங்கியது. முந்தானைக்குள் ஒளிந்த கைகள், நிலத்தைப் பார்த்த கண்கள், ‘அது அப்படியே இருக்கட்டும் மிஸ்.’ ஒரு தாய் தன் மகளுக்குப் பதிலாக ஜெயிலுக்குப் போக ஒத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அதை நிறைவேற்றிக் கொடுக்கத் தன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தானும் போய், சட்டியைத் தூக்கிப் பிடித்து, எழுதி, கையொப்பம் போட்டுக் கொடுத்திருக்கிறாள். மேசை மேல் இருந்த கண்ணாடிக் கிளாஸை எடுத்து அவன் முகத்தில் எறிய வேண்டும் போலிருந்தது. விரல்களை மடக்கிக்கொண்டாள்.

“இதைச் சிங்களத்துல சொல்லுங்க,” என்றாள். நாகலிங்கத்துக்குக்கூட அது சரியாகக் கேட்கவில்லை.

மதுசன் புன்னகைத்தான்.

அப்போதுதான் மர்லியா கவனித்தாள், மண்டபத்தில் நூல் சுற்றும் சத்தம் நின்றுபோயிருந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும்.

கதவு தட்டப்படவில்லை, திறந்தது. ஷாமிளா நின்றாள். ஒல்லியான பெண், குரல் மட்டும் திடமாக இருந்தது. முதலாளியைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னாள்: சாயம் போட்டது தான்தான். அம்மா வார்டில் இருந்தபோது மனேஜர் வெள்ளைத் தோல்களையும் சாயப் பொட்டலத்தையும் கொடுத்தார். சோதனை வேலை, வீட்டில் வைத்துச் செய், யாரிடமும் சொல்லாதே என்றார். தான் பூச்சி கட்டுகிறவள், இறகு அறை வேலை பழகியதே இல்லை. முதலில் கழுவ வேண்டும் என்று தனக்குத் தெரியாது. அம்மா வந்து சட்டியைக் கண்ட பிறகுதான் என்ன நடந்தது என்றே விளங்கியது. பூச்சிகள் திரும்பி வந்ததற்கு அடுத்த நாள் மனேஜர் லயத்துக்கு வந்து அம்மாவிடம் என்ன கேட்டார் என்பதையும், சற்று முன் தமிழில் சொன்னதையும், ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள்.

“பொய்,” என்றான் மதுசன். “திருட்டுக் குடும்பம் சேர்.”

ஷாமிளாவுக்குப் பின்னாலிருந்து இன்னொருத்தி உள்ளே வந்தாள். ஷிப்னா, டவுன் பக்கத்திலிருந்து வருகிறவள், மண்டபத்தில் மூத்த கை. பிறவி நிறத் தோலில் ஒன்றிலிருந்து பிடுங்கிய இறகையும், சாயம் போட்ட இறகையும் பக்கத்தில் பக்கத்தில் முதலாளி முன்னால் வைத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னாள். ஒன்றில் தண்டு வெளிறியிருந்தது. மற்றதில் கருநீலம். முதல் நாளே நாங்கள் அறுபது பேரும் கண்டுகொண்டோம், மனேஜரிடம் சொன்னோம், கட்ட விருப்பமில்லாதவள் வீட்டுக்குப் போகலாம் என்றார், அதனால் கட்டினோம் என்றாள். சொல்லிவிட்டு ஷாமிளாவின் தோளில் கை வைத்தாள். “எங்களுக்கும் வெக்கம்தான்,” என்றாள் தமிழில்.

முதலாளி இறகுகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, வாடிக்கையாளருக்கு இதை எப்படி எழுதுவது என்று மர்லியாவைக் கேட்டார்.

அவருடைய முதல் கேள்வி அதுவாக இருந்தது. ஒரு பெண்ணின் வெந்த விரல்களைப் பற்றி இப்போதுதான் சொல்லி முடித்திருந்தாள் அவள். மர்லியா தொலைபேசியை எடுத்து அவர் முன்னால் வைத்து, முதலில் பொலிஸுக்குப் பேசுங்கள் என்றாள். அவர் பேசினார். முறைப்பாட்டை வாபஸ் வாங்கினார். மதுசனை வெளியே போகச் சொன்னார். ஜெயம்மா நாளையிலிருந்தே வேலைக்கு வரலாம் என்று பெரிய மனதோடு அறிவித்தார்.

தன் அறிக்கையில் இரண்டாம் பக்கம் ஒன்று இருக்கும், அது க்ளவுஸைப் பற்றியது என்றாள் மர்லியா. அதை விசாரிக்கச் சொல்லித் தான் கேட்கவில்லையே என்றார் அவர். அப்படியானால் அந்தப் பக்கம் உங்களுக்கு வராது, போக வேண்டிய இடத்துக்குப் போகும் என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

வாபஸ் வாங்கினாலும் ஜெயம்மா ஸ்டேஷனுக்கு வந்து ஒப்பமிட வேண்டும் என்றிருந்தார்கள். லயத்தில் அவளை ஏற்றிக்கொண்டு, ஷாமிளாவோடு நால்வரும் ஒரே த்ரீவீலரில் போனார்கள். வழியெல்லாம் ஷாமிளா அழுதாள். ஜெயம்மா அவளைத் திட்டினாள், உன்னை யார் வாயைத் திறக்கச் சொன்னது என்று. திட்டிக்கொண்டே கட்டுப்போட்ட கையால் அவள் முதுகைத் தடவினாள். மர்லியாவை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

சார்ஜன்ட் வயதான மனிதர், சாப்பிட்டு வந்த களைப்பில் இருந்தார். விவகாரம் முடிந்தது, இதில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்று பதிவுப் புத்தகத்தைத் திருப்பி வைத்தார். ஜெயம்மா பேனையைப் பிடிக்க முயன்றாள். அது நழுவி மேசையில் உருண்டது. சரி, பெருவிரல் அடையாளம் போதும் என்று மைப்பெட்டியைத் தள்ளினார். ஷாமிளா துணிக்கட்டை அவிழ்த்தாள்.

சார்ஜன்ட் அந்த விரலைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார். அதில் ரேகை என்று ஒன்றுமே இல்லை. மைப்பெட்டியை மூடினார்.

“கவுத மேக்க கெருவே?” என்று கேட்டார். யார் இதைச் செய்தது.

ஜெயம்மா பேசத் தொடங்கினாள், சிங்களத்தில், ஒன்றுவிடாமல். தீர்ந்துபோன க்ளவுஸ், ப்ளீச் வாளி, நாலு தடவை கேட்டது, வார்டில் கிடந்த ஐந்து நாள், லயத்து வாசலில் நின்று மதுசன் கேட்ட கேள்வி. சார்ஜன்ட் வேறொரு புத்தகத்தை இழுத்து, புதுப் பக்கம் திருப்பி, எழுத ஆரம்பித்தார். அவர் எழுதி முடிக்கும் வரை காத்திருந்து, அவள் அடுத்ததைச் சொன்னாள். குரல் ஏறிக்கொண்டே போனது. இத்தனை நாள் முந்தானைக்குள் வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது.

கடைசியில், திரும்பிப் பார்க்காமலே, ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் வந்ததைச் சொன்னாள். அடுப்படியைக் கிளறினாள், சட்டியைத் தூக்கி வாசலில் வைத்துப் படம் எடுத்தாள், லயத்துச் சனம் முழுக்க நின்று பார்த்தது, கைக்கு என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, எழுதிக் கொடுத்துவிட்டாள்.

சார்ஜன்ட் பேனையை நிறுத்தி, அந்தப் பெண்ணின் பெயர் தெரியுமா என்று கேட்டார்.

மர்லியா முன்னால் வந்தாள். தன் முழுப் பெயரையும், கேகாலை விலாசத்தையும், அடையாள அட்டை இலக்கத்தையும் சொன்னாள். சார்ஜன்ட் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். உண்மையைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் இவர்தானாமே, இதையும் எழுதத்தான் வேண்டுமா என்று ஜெயம்மாவைக் கேட்டார்.

“லியன்ன சேர்,” என்றாள் ஜெயம்மா. எழுதுங்கள்.

அவர் எழுதினார்.